ஜனவரி டெர்மில் ஒரே ஒரு பாடம்

"வீட்டிலிருந்தே டிகிரி வாங்கிடலாமாமே, எப்படிங்க?" என்று என்னிடம் கேட்காதவர்கள் எங்கள் வீதியில் குறைவு. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு, ராத்திரி போனில் நாலு வீடியோ பார்த்தால் கொஞ்ச நாளில் பட்டம் தபாலில் வந்துவிடும் என்கிற நினைப்பு. மீதிப் பேர், அதெல்லாம் செல்லாது, காசுக்குப் பிடித்த கேடு என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, அதை என் வாயால் கேட்க வருகிறவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். தமிழ் வழியில் பிளஸ் டூ, வணிகவியல் பிரிவு, கூடவே கணினிப் பயன்பாடு. கணிதம் பத்தாம் வகுப்போடு சரி. அப்புறம் கல்லூரி வாய்க்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான். வேலை பழகப் பழக ஒன்று புரிந்தது. டேலி என்கிற கணக்கு மென்பொருளில் எவ்வளவு கை ஓடினாலும், விண்ணப்பத்தில் 'பட்டம்' என்கிற கட்டம் காலியாக இருந்தால் அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. 2022 செப்டம்பர் டெர்மில் ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் பிஎஸ் டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ் (தரவு அறிவியல்) பட்டப்படிப்பில் சேர்ந்தேன். இப்போது டிப்ளமா இரண்டும் முடிந்து பிஎஸ்ஸி நிலையில் இருக்கிறேன். அதாவது பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. வழியில் இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

ஐஐடி என்றதும் ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுத வேண்டாமா என்பார்கள். இதற்கு வேண்டாம். 2020 ஜூன் 30 அன்று இந்தப் படிப்பை அறிவித்தபோதே நுழைவு முறையை மாற்றி வைத்துவிட்டார்கள். முதலில் பிஎஸ்ஸி என்றுதான் தொடங்கியது. 2022இல் நான்காண்டு பிஎஸ் ஆனது. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், எந்தப் பிரிவானாலும் சரி. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். வயது வரம்பு கிடையாது. நுழைவுக்கென்று குவாலிஃபையர் ஒன்று உண்டு. நான்கு வாரம் நான்கு பாடங்களை அவர்களே நடத்துவார்கள், வாராவாரம் பயிற்சி கொடுப்பார்கள், அதில் போதிய மதிப்பெண் இருந்தால் கடைசியில் நான்கு மணி நேரத் தேர்வு. நடத்தியதிலிருந்து மட்டும்தான் கேட்பார்கள். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டி, ஊர் ஊராகப் போய்த் தயாராக வேண்டிய தேர்வு அல்ல.

இந்தப் படிப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஐஐடி என்கிற பெயர் இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், வழியில் இறங்கிக்கொள்ளலாம் என்பது. முதல் நிலை ஃபவுண்டேஷன், எட்டுப் பாடம், 32 கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அளவு). அதைத் தாண்டினால் ப்ரோகிராமிங், டேட்டா சயின்ஸ் என இரண்டு டிப்ளமா, ஒவ்வொன்றும் 27 கிரெடிட். மொத்தம் 114 கிரெடிட் ஆனால் பிஎஸ்ஸி, 142 ஆனால் பிஎஸ். எந்த நிலையில் நின்றாலும் அந்த நிலைக்குரிய சான்றிதழோடு வெளியே வரலாம். மூன்று வருடம் படித்துவிட்டுக் கடைசி வருடம் நின்றுபோனவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் திரும்புவதை என் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். குழந்தை, மாமனார் உடம்பு, கம்பெனி ஷிப்மெண்ட் என்று எது எப்போது குறுக்கே வரும் என்று தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய தைரியம். நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வதானாலும், பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

குவாலிஃபையரின் நான்கு பாடங்களில் ஆங்கிலமும் புள்ளியியலும் சமாளிக்கும்படி இருந்தன. கணிதம்தான் தண்ணி காட்டியது. கணங்கள், தொடர்புகள், சார்புகள், நேர்க்கோடு, இருபடிச் சார்பு என்று வரும். எல்லாம் பதினொன்றாம் வகுப்புச் சரக்கு, ஆனால் நான் பதினொன்றில் கணிதமே படிக்கவில்லை, வீடியோவில் பேசுவதோ முழுக்க ஆங்கிலம். எனக்குக் கை கொடுத்தது தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகம். தமிழ் வழிப் புத்தகமும் ஆங்கில வழிப் புத்தகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே பாட வரிசை, ஒரே கணக்குகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். முதல் அத்தியாயம் கணங்களும் சார்புகளும், இரண்டாவதில் மடக்கையும் பல்லுறுப்புக் கோவையும், ஆறாவதில் நேர்க்கோடு. தமிழில் ஒரு முறை படித்துவிட்டு, அதே பத்தியை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அப்புறம் வீடியோவுக்குப் போனால் பேராசிரியர் தெரிந்த விஷயத்தை வேறு மொழியில் சொல்வதுபோல் ஆகிவிடும். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய் வந்து அப்புறம் சேரலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

கம்ப்யூட்டேஷனல் திங்கிங் என்று ஒரு பாடம். ஜி. வெங்கடேஷும், சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்தும் நடத்துவது. கணினியைத் தொடவே விடாமல், அட்டைகளை வைத்துக்கொண்டு கணினி எப்படி யோசிக்கும் என்று சொல்லித்தருவார்கள். ஒரு கட்டு முழுக்க மாணவர் மதிப்பெண், ஒரு கட்டில் ஒரு பத்தியின் சொற்கள், இன்னொரு கட்டில் கடை பில்கள். அந்த பில் கட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுக் கட்டாக ஜாப் ஒர்க் பில்லைப் புரட்டி, பார்ட்டி வாரியாகப் பிரித்து, அதிகபட்சத் தொகை எது என்று தேடும் வேலையைத்தான் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். கோடிங் என்றால் வேறு உலகத்து ஆட்கள் செய்வது என்கிற பயம் எனக்கு அங்கேதான் விட்டது.

இந்த வீடியோக்கள் யூடியூபில் திறந்தே கிடக்கின்றன. பணம் கட்டும் முன்னால் கணிதப் பாடத்தின் முதல் இரண்டு வாரத்தைச் சும்மா பாருங்கள். பார்ப்பது மட்டும் போதாது, கையில் நோட்டு எடுத்துக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் எந்த நேரத்தில் உட்கார்ந்தீர்கள், எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதைக் கவனித்தாலே மேற்கொண்டு நடக்கப்போவது ஓரளவு தெரிந்துவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். வருடத்துக்கு மூன்று டெர்ம்: ஜனவரி, மே, செப்டம்பர். ஒவ்வொரு டெர்மிலும் எத்தனை பாடம் எடுப்பது என்பதை, அவர்கள் அனுமதிக்கும் உச்சவரம்புக்குள், நாமே முடிவு செய்யலாம். சேர்ந்த புதிதில் மாணவர் குழுவில் எல்லோரும் "நான் நாலு, நீ எத்தனை?" என்று ஏலம் விடுவதுபோல் பேசிக்கொள்வார்கள். அவர்களில் பலர் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். அம்மா சோறு போட்டு வைத்திருப்பார், படிக்க வேண்டியது மட்டுமே வேலை. அவர்கள் கணக்கு நமக்கு ஆகாது.

நான் பாடப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் என் வருடத்தைப் பார்த்தேன். ஜனவரி டெர்மின் இரண்டாவது க்விஸ், அதாவது இடைத் தேர்வு, மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில் வரும். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மார்ச் 31 என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஸ்டாக் எடுப்பது, பார்ட்டி பாக்கி ஒத்துப் பார்ப்பது, ஆடிட்டர் கேட்கும் காகிதம் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னால் வீடு வர முடியாது. ஆகவே ஜனவரி டெர்மில் ஒரே ஒரு பாடம். மே டெர்மில் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் பரபரப்பு கொஞ்சம் இருக்கும், அது அடங்கியதும் ஜூலை, ஆகஸ்ட் எனக்கு நிதானமான மாதங்கள். ஆடியில் விசேஷங்களும் இல்லை. அந்த டெர்மில் மூன்று பாடம் வரை எடுப்பேன், கடினமான பாடத்தையும் அங்கேதான் வைப்பேன். செப்டம்பர் டெர்மில் முதல் க்விஸ் தீபாவளியை ஒட்டி வந்து நிற்கும். திருப்பூரில் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் போனஸ் கணக்கிலேயே போய்விடும். அங்கே இரண்டு பாடம், அதிலும் ஒன்று இலகுவானதாக.

மாதத்துக்குள்ளேயும் இதே கணக்குதான். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாட்கள். அந்தத் தேதிகளை ஒட்டிய இரண்டு நாட்களில் வீடியோ பார்ப்பேன் என்று திட்டம் போடுவதையே விட்டுவிட்டேன். வாரப் பயிற்சிக்குக் கடைசித் தேதி உண்டு, ஒரு நாள் தவறினாலும் போனதுதான். ஆகவே வாரம் திறந்த உடனே பயிற்சியைத் திறந்து, தெரிந்ததை முதலில் பதிந்து வைத்துவிடுவேன். கடைசி நாள் வரை மாற்றிக்கொள்ளலாம். நன்றாகப் புரிந்த பிறகு திருத்துவது அப்புறம். நீங்கள் ஆசிரியராக இருந்தால் உங்கள் நெருக்கடி பொதுத்தேர்வு மாதங்களில் இருக்கும், விவசாயக் குடும்பமானால் அறுவடையில். எந்த வேலையானாலும் அந்த வருடத்தைத் தாளில் எழுதி, படிப்பின் கால அட்டவணையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பாட எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். என்னோடு சேர்ந்து நின்றுபோனவர்களில் நான் அறிந்த யாரும் பாடம் புரியாமல் நிற்கவில்லை. ஆகாத மாதத்தில் அதிகப் பாடம் எடுத்து, ஒன்றில் தவறி, திரும்பப் பணம் கட்ட வேண்டி வந்ததும் மனம் வெறுத்து நின்றவர்கள்தான் அதிகம்.

மெதுவாகப் போவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டெர்முக்கு இரண்டு பாடம் என்றால் ஃபவுண்டேஷனுக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடும். என்னோடு சேர்ந்த பிள்ளைகள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். அது கொஞ்ச நாள் உறுத்தியது, இப்போது இல்லை.

ஆன்லைன் என்று பெயர் இருந்தாலும் தேர்வு நேரில்தான். ஒவ்வொரு டெர்மிலும் இரண்டு க்விஸ், ஒரு இறுதித் தேர்வு, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஒதுக்கும் மையத்தில் போய்க் கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும். எனக்குக் கோயம்புத்தூர். ஐம்பது கிலோமீட்டர்தான் என்றாலும் மையம் ஊரின் எந்த மூலையில் விழும் என்பது அனுமதிச் சீட்டு வந்தால்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னொரு பஸ், அப்புறம் ஆட்டோ என்று ஆனதும் உண்டு. ஆகவே காலையில் முதல் தேர்வு என்றால் விடியும் முன் கிளம்பிவிடுவேன். ஆதார் அசல், அச்செடுத்த அனுமதிச் சீட்டு, தண்ணீர் பாட்டில், மதியத்துக்குப் புளிசாதம். ஒரு மையத்தில் கணினி பாதியில் நின்று வேறு இடத்துக்கு மாற்றி உட்கார வைத்தார்கள். பதறாமல் கை தூக்கி, இழந்த நேரத்தைச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதற்கு வாய் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்பது மற்றவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் ஞாயிறாகப் பார்த்து வைப்பார்கள். "லீவு நாள்லகூட ஒரு கல்யாணம் காட்சிக்குப் போக முடியாத படிப்பு என்ன படிப்பு அம்மணி?" என்று அத்தை முதல் வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். டெர்ம் தொடங்கும்போதே தேர்வுத் தேதிகள் தெரிந்துவிடும் என்பதால், அந்தத் தேதிகளை ஹாலில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட ஆரம்பித்தேன். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் முன்னாலேயே அத்தை நாட்காட்டியைப் பார்த்து, "அன்னிக்கு அவளுக்குப் பரீச்சைங்க, நானும் பையனும் வந்துர்றோம்" என்று சொல்லும் அளவுக்கு அது வேலை செய்தது. இப்போது கல்யாண மண்டபங்களில் "எங்க மருமக ஐஐடியில படிக்கிறா" என்று அவர் சொல்லிக்கொள்வதாகவும் கேள்வி. எந்த ஐஐடி, என்ன படிப்பு என்று விளக்கப் போனால் நமக்குத்தான் கஷ்டம், விட்டுவிட்டேன்.

நேரில் எழுதும் தேர்வைப் பற்றிப் பலரும் சலித்துக்கொள்வார்கள். எனக்கு மாற்றுக் கருத்து. வீட்டிலேயே உட்கார்ந்து, பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு எழுதும் தேர்வில் கிடைக்கும் பட்டத்தை வேலை கொடுப்பவர் ஏன் நம்ப வேண்டும்? ஒரு நேர்காணலில் "ரெகுலரா, கரஸ்ஸா?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, வகுப்பு இணையத்தில், தேர்வு நேரில், டெர்முக்கு மூன்று முறை என்று சொன்னதும் கேட்டவரின் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

மதிப்பெண் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. என் பாடங்கள் பலவற்றில் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு, எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கணக்கில் இரண்டு க்விஸும் சேரும், இன்னொன்றில் இரண்டில் நல்லது மட்டும் சேர்ந்து இறுதித் தேர்வுக்கு எடை கூடும். ஒரு க்விஸ் சொதப்பிவிட்டது என்று அந்த டெர்மையே கைவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் இந்த விதியை டெர்ம் ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுவார்கள். ஆவணம் நீளமாக இருக்கும், படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

பைதான் என்கிற நிரல் மொழிப் பாடம் வந்ததும் வேறு மாதிரித் தேர்வு ஒன்று சேர்ந்துகொண்டது. ஓபிபிஇ என்பார்கள். வீட்டிலிருந்தே, கேமரா முன்னால், குறித்த நேரத்துக்குள் நிரல் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு முன் நம் கணினி சரியாக இருக்கிறதா என்று சோதனை ஒன்று வைப்பார்கள், அதைத் தவறவிடக் கூடாது. பழைய லேப்டாப்பில் பேட்டரி நிற்காது என்பதால் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினேன், போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருந்தேன். நிரல் எழுதப் பழகுவதற்கு ஒரே வழி தினமும் கொஞ்சம் எழுதுவதுதான். கணிதம்போல் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து ஈடுகட்ட முடியவில்லை. மதிய உணவு இடைவேளையில் ஒரு கணக்கு என்று வைத்துக்கொண்டேன்.

டிப்ளமாவில் புராஜெக்ட் வரும். ஃப்ளாஸ்க், எஸ்க்யூலைட் என்கிற மென்பொருள் கருவிகளை வைத்து ஒரு வலைச் செயலி முழுதாகக் கட்ட வேண்டும், அப்புறம் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. வைவாவில் நம் நிரலைத் திரையில் திறந்து, இந்த வரி எதற்கு, இந்தப் பொத்தானை இப்படி மாற்றிக் காட்டுங்கள் என்பார்கள். சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிய நிரல் நன்றாகவே ஓடும், ஆனால் மாற்றச் சொல்லும் இடத்தில் நாம்தான் நிற்போம். எங்கள் குழுவில் ஒரு தம்பி என்னைவிட மூன்று மடங்கு அழகான செயலி வைத்திருந்தான், வைவா முடிந்து வெளியே வந்தபோது பேச்சே இல்லை. நான் அதைப் பயன்படுத்தவே இல்லை என்று சொல்லவில்லை. பிழை வந்தால் காரணம் கேட்பேன், விடையை நானே தட்டச்சு செய்வேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பிசினஸ் டேட்டா மேனேஜ்மெண்ட் புராஜெக்ட். உண்மையான ஒரு கடையிலோ தொழிலிலோ போய், அவர்களுடைய நிஜக் கணக்கை வாங்கி, அதில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, தீர்வு சொல்ல வேண்டும். உரிமையாளரிடம் கடிதம் வாங்க வேண்டும், அவரோடு பேசியதற்குப் படமும் வீடியோவும் ஆதாரமாக வேண்டும். என் கம்பெனிக் கணக்கைக் கேட்க எனக்கே மனம் வரவில்லை. எங்கள் வீதி முனையில் ஒரு பேக்கரி இருக்கிறது. அந்த அண்ணனிடம் கேட்டேன்.

"கணக்கு எழுதற புள்ளைக்கு எங்க கடை நோட்டு எதுக்குங்க?" என்றார். வரி ஆபீஸ் விவகாரமோ என்கிற சந்தேகம் அவருக்கு. நான் மட்டும் போயிருந்தால் நடந்திருக்காது, என் வீட்டுக்காரரும் தினமும் அங்கே டீ குடிக்கிறவர் என்பதால் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைப் பெயரைச் சொல்ல வேண்டாமென்றால் அதற்கும் வழி கேட்கிறேன், தொகையை வேண்டுமானால் ஒரு எண்ணால் பெருக்கி மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அதன் பிறகுதான் நோட்டு வந்தது. எண்ணெய்க் கறையோடு, பாதி பென்சில் எழுத்து, "மு.ப" என்றால் முட்டை பப்ஸ், "வெ.ப" என்றால் வெஜிடபிள் பப்ஸ். சில மாதக் கணக்கைத் தட்டச்சு செய்யவே பாதிக் காலம் போனது. பாடத்தில் வரும் டேட்டா எல்லாம் சுத்தமாகக் குளித்து வந்த பிள்ளை. நிஜ டேட்டா தெருவில் விளையாடிவிட்டு வரும்.

பகுப்பாய்வில் முதலில் தெரிந்தது, செவ்வாய், வெள்ளியில் முட்டை பப்ஸ் மிஞ்சுகிறது, புரட்டாசியில் ரொம்பவே மிஞ்சுகிறது என்பது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். "இதுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் எதுக்கு அம்மணி, எனக்கே தெரியுமே" என்றார். தெரிந்தும் ஏன் குறைக்கவில்லை என்றால், மாஸ்டர் ஒரு தட்டுக் கணக்கில்தான் போடுவாராம், பாதித் தட்டுப் போட்டால் அடுப்புக்கு நஷ்டமாம். இது எந்தப் பாடத்திலும் இல்லாத தகவல். அப்புறம் வரவை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பண்டங்களில் சிலவே பெரும்பங்கு வரவைக் கொடுப்பதும், வரிசையாக அடுக்கியிருக்கும் சில பிஸ்கட் வகைகள் மாதக்கணக்கில் அசையாமல் இருப்பதும் தெரிந்தன. அது அவருக்குப் புதிது. பிஸ்கட்டில் சிலவற்றை நிறுத்திவிட்டார். எனக்கும் அறிக்கையில் எழுத ஒரு விஷயம் கிடைத்தது. இந்தப் புராஜெக்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடையைத் தேடுவதை டெர்ம் தொடங்கும் முன்பே தொடங்குங்கள், சரி என்றவர் நடுவில் வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பதால் இன்னொரு கடையையும் மனதில் வைத்திருங்கள்.

பணத்தைப் பற்றி. நான் சேர்ந்தபோது ஃபவுண்டேஷன் ஒரு பாடத்துக்கு 4,000 ரூபாய், எட்டுக்கும் சேர்த்து 32,000; மேலே போகப் போக ஒரு கிரெடிட்டின் விலை கூடும். கட்டணம் மாறிக்கொண்டிருப்பது, சேரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தமாகக் கட்டத் தேவையில்லை, அந்த டெர்மில் எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்பதுதான் சம்பளக்காரர்களுக்கு வசதி. குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. அதற்கான சான்றிதழ்களை முன்கூட்டியே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஓபிசி பிரிவில் கேட்பவர்களுக்கு, நம்மிடம் இருக்கும் மாநில பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் போதாது, மத்திய அரசு வடிவத்தில் தனியாக வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

தனியாகப் படிக்கிறோம் என்கிற எண்ணம் சில ராத்திரிகளில் வரும். மாணவர்களை நீலகிரி, வயநாடு, சுந்தரவனம் என்று காடுகளின் பெயரில் ஹவுஸ்களாகப் பிரித்திருக்கிறார்கள், எனக்கு வந்தது பிச்சாவரம். அதிலிருந்து தமிழ் பேசும் நாலைந்து பெண்கள் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டோம். இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு கூகுள் மீட்டில் உட்காருவோம். எங்களில் ஒருவருக்கு எப்படியும் அந்த வாரம் புரிந்திருக்கும்.

இந்தப் படிப்பு எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். இது பிஇ, பிடெக் அல்ல. பொறியியல் பட்டம் கேட்கும் பணிக்கு இதைக் காட்ட முடியாது. மற்றப் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன், தொலைதூரப் படிப்புகள் யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்குக் கீழ் வருபவை. ஐஐடி தன் சொந்தச் சட்டத்தின்படி பட்டம் தருகிறது, அது வேறு கணக்கு. பொறியியல், மருத்துவம், செவிலியர், சட்டம் ஆகியவற்றை ஆன்லைனில் பட்டமாகத் தர அனுமதியே கிடையாது. யாராவது தருவதாகச் சொன்னால் போனை வைத்துவிடலாம். "ஒரே வருஷத்தில் டிகிரி, பழைய தேதியில் சான்றிதழ்" என்று சொன்ன ஒரு ஏஜெண்டிடம் எங்கள் ஆபீஸ் பையன் ஒருவன் பணம் கொடுத்துவிட்டு இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறான். யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு, டெப் என்பார்கள், அதன் தளத்தில் அங்கீகாரம் உள்ள பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது; நீங்கள் சேரும் அந்தப் படிப்பு, சேரும் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் பருவத்திலிருந்து இந்த வகைப் படிப்புகளில் சேர மாணவர் தானே டெப் ஐடி உருவாக்கிக்கொள்வது கட்டாயம். அதை இன்னொருவரிடம் விடாமல் நீங்களே செய்தால், அங்கீகாரம் இல்லாத இடத்தில் மாட்டும் வாய்ப்பு பெரிதும் குறையும்.

அரசு வேலை நினைப்பில் இருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணிக்குப் பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்கிற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய பட்டம் அங்கே செல்லாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையைப் பட்டப்படிப்புத் தகுதிப் பணிகளில் கேட்க, பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். நான் படிப்பது முழுக்க ஆங்கில வழி என்பதால் எனக்கு அது கிடைக்காது. தெரிந்துதான் சேர்ந்தேன்.

பலன் என்ன என்று கேட்டால், கம்பெனியில் வவுச்சர் போடும் இடத்திலிருந்து என்னை எம்ஐஎஸ் பக்கம், அதாவது நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிக்கும் பிரிவுக்கு, மாற்றியிருக்கிறார்கள். ஆர்டர் வாரியாகத் துணி வீணாவது எவ்வளவு என்று பைதானில் ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தேன், அதன் பிறகு நடந்தது. சம்பளம் கூடியது, பெரிதாக இல்லை. வெளி வேலைகளுக்கு டிப்ளமாவை வைத்து முயன்றபோது சில இடங்களில் கூப்பிட்டார்கள், சில இடங்களில் பட்டம் முடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்.

போன மாதம் எங்கள் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண், நானும் உங்கள் படிப்பிலேயே சேரட்டுமா அக்கா என்று வந்து கேட்டாள். பேசிப் பார்த்ததில் அவளுக்கு கணிதமும் பிடிக்காது, கணினியும் பிடிக்காது. குரூப் 2 எழுத ஒரு பட்டம் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேரும் உட்கார்ந்து டெப் பட்டியலைப் பார்த்தோம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிஏ சேரப்போகிறாள். விண்ணப்பம் போடும் முன், தேர்வு எந்த மாதங்களில் வரும் என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், கிறிஸ்துமஸ் ஷிப்மெண்ட் சமயத்தில் பேக்கிங்கில் லீவு கிடைக்காது.